இரண்டு விளக்குகளும் ஒரு ஒயரும்

2009 ஏப்ரல். தாம்பரம் தாண்டி இருந்த எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருட ப்ராஜெக்ட் தேர்வு. நானும் மெஹ்னாஸும் ஒரு டீம். மேலே இரண்டு எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டி, கீழே மேஜையில் இருக்கும் ரிசீவருக்கு எண்களை அனுப்பும். இரண்டு வெளிச்சமும் விழும் நடு இடத்தில்தான் தகராறு. இரண்டு கல்யாண மண்டபங்களுக்கு நடுவே நின்று பாட்டுக் கேட்கும் கதைதான்.

மெஹ்னாஸ்தான் வழி கண்டுபிடித்தாள். ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொள்ள வேண்டும், முறை வைத்து. இதற்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஐயா நான் செய்தது, பெருங்களத்தூரில் விளக்கு மாட்டும் ஸ்டாண்டை வெல்டிங் செய்து வாங்கியது.

முந்தின நாள் ஒத்திகையில் எண்கள் இரண்டு தடவை குழம்பின. ஃபெயிலானால் கைக்கு வந்த வேலை போய்விடும். தேர்வன்று அவளுக்கு முன்பே போய், மேஜையில் இருந்த, விளக்குகளை இயக்கும் போர்டிலிருந்து ரிசீவருக்கு ஒரு மெல்லிய ஒயரை மேஜை விரிப்புக்கு அடியில் இழுத்துவிட்டேன். வெளிச்சம் காலை வாரினாலும் எண்கள் ஒயர் வழியாக வந்துவிடும்.

அவள் வந்து விளக்கைக் கழற்றி, விட்டுப்போயிருந்த சோல்டரிங்கைப் பற்றவைத்தாள்.

“இதுதான் நேத்து படுத்திச்சு. இப்ப கரெக்டா வரும் பாரு, துளசிங்கம்.”

ஒயரைப் பிடுங்கப் பத்து நிமிடம் இருந்தது. பிடுங்கவில்லை. அவளைவிட ஒயரை நம்பினேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வேதசிரோமணி சார் ரிசீவரை நடுவில் வைக்கச் சொன்னார். எண்கள் பிசகாமல் வந்தன. மெஹ்னாஸ் முகம் மலர்ந்தது. சார் உள்ளங்கையால் ரிசீவரை மூடினார். அப்போதும் எண்கள் வந்துகொண்டே இருந்தன.

“வெளிச்சமே படலையே. அப்புறம் எப்படிம்மா வருது?”

அவள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இது யார் வேலை என்று சார் கேட்டார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“ரெண்டு பேரும்தான் சார்,” என்றாள்.

எங்கள் இருவரையும் ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வுக்கு வரச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த மேஜைக்குப் போனார்.

மெஹ்னாஸ் ஒயரை உருவிப்போட்டாள். எண்கள் வந்தன. கையால் மூடினாள், நின்றன. எடுத்தாள், ஒரு பிழையும் இல்லாமல் மறுபடி வந்தன. சார் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.