வெளியே நின்ற மூத்தவன்

வேதாகமத்தை எங்கள் பாஷையில் மொழிபெயர்த்து எழுதுவது என் வேலை. எழுதி முடித்த ஒவ்வொரு பகுதியையும் ஊராருக்கு வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்க வேண்டும். புரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். புரிந்துவிட்டால் அதைவிடத் தொல்லை, கேள்வி கேட்பார்கள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இயேசு சொன்ன இரண்டு மகன்கள் கதையை வாசித்தேன். சொத்தைப் பிரித்து வாங்கிப் போன இளையவன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்புகிறான். அப்பா விருந்து வைக்கிறார். மூத்தவன் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறான். அப்பா வந்து கெஞ்சுகிறார்.

இந்தக் கதையை ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். காரணம் ஊருக்கே தெரியும். என் தம்பி மனாசே அப்பாவின் பன்றிகளை விற்றுவிட்டு லாயே நகரத்துக்கு ஓடியவன். வெறுங்கையோடு வந்தபோது அப்பா மிச்சமிருந்த ஒரே பன்றியையும் அறுத்தார். அந்த விருந்துக்கு நான் போகவில்லை. இப்போது அப்பாவும் இல்லை. தம்பியோடு பேசி நான்கு வருஷமாகிறது. ஆசை இல்லாமலில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அவன் சிரிப்புக் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு நின்றுவிடுவேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"அப்புறம்?" என்றாள் என் மனைவி தோர்க்கா.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா? மூத்தவன் உள்ள போனானா இல்லையா?"

"அது எழுதல."

"நீ ஒரு பக்கத்தத் தொலைச்சிருப்ப. வீட்டுல செருப்பையே தேடுற ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் கதையைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் எழுந்து போவதில்லை. சொன்னவன் நிறுத்தினால் கேட்டவர்களில் ஒருவர் முடித்துவைக்க வேண்டும்.

"கர்த்தர் சொன்னதுல நாம கைவைக்கக் கூடாது," என்றேன்.

"அவருக்கு முடிக்கத் தெரியாமலா விட்டாரு? நம்மள முடிக்கச் சொல்லித்தான் விட்டிருப்பாரு," என்றாள் தோர்க்கா.

பின்வரிசையில் மனாசே எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நான் முடிக்கிறேன். மூத்தவன் வரல. எளையவனுக்குச் சோறு எறங்கல. தன் பங்குக் கறிய வாழை இலையில பொதிஞ்சு எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். கதவு சாத்தியிருந்துச்சு. கூப்பிடப் பயம். வாசல்ல வெச்சுட்டு வந்துட்டான். அண்ணன் தின்னானா இல்லையான்னு இன்னும் அவனுக்குத் தெரியாது."

உட்கார்ந்துவிட்டான்.

அப்பா தம்பிக்கு வைத்த விருந்துக்கு மறுநாள் காலை, என் வாசலில் ஒரு நாய் வாழை இலையை நக்கிக்கொண்டிருந்தது. குப்பையை யாரடா இங்கே போட்டது என்று கத்தி, அதை அடித்து விரட்டியவன் நான்தான்.

சபை முழுவதும் என்னையே பார்த்தது. தாளில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. தாளை மடித்தேன்.

"தின்னல," என்றேன். "மூத்தவனுக்கு இன்னும் பசிக்குதுடா, தம்பி."