சும்மாடு

அப்பாவைக் குளிப்பாட்ட வாய்க்காலில் மொண்ட குடத்தோடு செம்மொழி பந்தலுக்குள் நுழைந்தபோது, அரிசி ஆலை மேனேஜர் தியாகராசன் அப்பாவின் தலைமாட்டில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளியும் தவிடு படிந்த துண்டும்.

"உங்க அப்பா சாமானும்மா. குடோன்ல கெடந்துச்சு."

துண்டு அப்பா மருதையனுடையதுதான். வாளியும்தான். ஹெல்மெட்டின் உள்பட்டையில் கடையில் சுற்றிய பாலிதீன் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"உசுரோட இருக்கறப்ப வராத தொப்பி பொணத்துக்கு வந்திருக்கு பாருடி," என்றாள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

தியாகராசன் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் விசாரிக்க ஆபீசர் வருவாரு. ஆலையில ஹெல்மெட் குடுத்தாங்க, அப்பாதான் போடலைன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீயும் இதே லைன்லதான இருக்க, நீ சொன்னா எடுபடும். உங்க அம்மாவ ஆலை கைவிடாது."

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் செம்மொழிக்குத் தொழிலாளர் பாதுகாப்புதான் வேலை. யார் எதைத் தூக்குகிறார்கள், எங்கே வழுக்கும், எது சரியும் என்று ஒவ்வொரு வேலையையும் கூடவே நின்று பார்த்து, ஆள் சாவதற்கு முன்னால் சொல்வது. முதலில் ஆபத்தை எடு. முடியாவிட்டால் ஆளை விலக்கு. ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் கடைசி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடம்.

இங்கே ஆலைக் குடோனில் நெல்மூட்டைகளைக் கூரை தொட அடுக்கியிருந்தார்கள். சரிந்த மூட்டைகளில் அப்பாவின் நெஞ்செலும்பு நொறுங்கியது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"எறக்கி அடுக்கச் சொல்லி அப்பா கேட்டாரா இல்லியா சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லிட்டுப் போ தாயி," என்றார் தாய்மாமன் ரெத்தினம். அவரும் அதே ஆலையில்தான் மூட்டை தூக்குகிறார். "போனவரு போயிட்டாரு. இருக்கறவங்க பொழைக்கணும்ல."

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா காத்தாயி அழுகையை நிறுத்திவிட்டு மகளின் வாயையே பார்த்தாள்.

செம்மொழி குடத்தைக் கீழே வைத்தாள். ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"மாமா, குடத்தத் தூக்கி வைங்க."

"என்ன புள்ள இது, எழவு வீட்டுல..."

"வைங்க மாமா. இதப் போட்டுக்கிட்டு மூட்டய எப்புடி சொமக்கறதுன்னு சார் பாக்கட்டும்."

ரெத்தினம் தூக்கி வைத்தார். வழவழத்த பிளாஸ்டிக்கில் குடம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. சரிந்து விழுந்து, தியாகராசனின் வெள்ளை வேட்டியை முழங்கால்வரை நனைத்தது.

"திமிரா? ஆபீசர்கிட்ட என்ன சொல்லப்போற?"

"சொல்லமாட்டேன் சார். செஞ்சு காட்டுவேன்."

ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நசுங்கிய குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வாய்க்காலுக்குப் போனாள்.

நிரப்பி நிமிர்ந்தபோது பின்னால் ரெத்தினம் நின்றார். கையில் மருதையனின் துண்டு. அதை முறுக்கினார், வட்டமாகச் சுற்றினார், முனையை உள்ளே செருகினார். சும்மாட்டை அவள் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார். நெற்றியில் தவிடு உதிர்ந்தது. குடத்தைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

"ஆபீசர் எத்தன மணிக்கு வர்றாராம்?" என்று கேட்டார்.

அவள் வரப்பில் முன்னால் நடந்தாள். குடம் தளும்பவில்லை.