டாக்டர் குடித்த தண்ணீர்

மைக்கைக் கையில் வாங்கியதும் அன்புச்செல்வன் முன்வரிசையைப் பார்த்தான். பின்னால் ராஜவேலு டாக்டரின் படம், சம்பங்கி மாலையோடு. படத்திறப்புக்குப் பாதி ஆரணி அந்தக் கல்யாண மண்டபத்தில் திரண்டிருந்தது. அதுவரை பேசியவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். நோயாளியைப் பார்க்க வீட்டுக்கு வந்தால் டாக்டர் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார், அப்புறம்தான் நாடி பிடிப்பார். என் வீட்டிலும் குடித்தார் என்று சொல்வதில் அவரவருக்கு அப்படியொரு பெருமை.

அன்புச்செல்வனிடம் இருந்த கதையோ அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சிறுவயதில் அவன் மஞ்சள் காமாலையில் சுருண்டு கிடந்தான். ஊர்த் தெருக்காரர்கள் கால் வைக்காத காலனிக்குள், சேற்றில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார். குனிந்து குடிசைக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்து, அவன் அம்மா சின்னபொண்ணுவிடம் தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா கூடாதா என்று அவள் சொம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"ஜல்தி குடும்மா, தொண்ட வறண்டுபோச்சு" என்றார் டாக்டர். அவர் வாய்வைத்துக் குடித்ததைப் பார்க்கக் காலனியே வாசலில் கூடிவிட்டது. இதை மகன் மேடையேறிச் சொல்லிக் கேட்கவேண்டும் என்றுதான் சின்னபொண்ணு காலையிலேயே பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் முன்வரிசையில் மணவாளன் இருந்தார். பட்டுச்சேலை வியாபாரி, அன்புச்செல்வன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். காலனி ஆட்களுக்கு வீடு விடுவதில்லை என்று தரகரிடம் கறாராகச் சொன்னவர். அன்புச்செல்வனுக்கு வங்கி வேலை, தேய்த்த சட்டை. எந்த ஊர் என்று கேட்டதற்குக் களம்பூர்ப் பக்கம் என்று மழுப்பினான். சாவி கைக்கு வந்தது. அம்மாவிடமும் தெருப் பேரை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே என்று சொல்லிவைத்திருந்தான்.

டாக்டர் கைராசிக்காரர் என்று ஆரம்பித்தான். காமாலை வந்தபோது அப்பா தன்னைத் தோளில் போட்டுக் கிளினிக்குக்குத் தூக்கி வந்ததாகச் சொன்னான். வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. கைதட்டினார்கள். மணவாளன் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார். அன்புச்செல்வன் கடைசி வரிசைப் பக்கம் பார்க்காமலே மைக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

இறங்கி அம்மாவிடம் வந்தபோது மணவாளனின் மனைவி அவள் பக்கத்தில் இருந்தாள். அன்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்டதைத்தான் அவளும் கேட்டாள்.

"டாக்டரு உங்க வூட்டுக்கு வந்துருக்காருங்களா?"

சின்னபொண்ணு மகனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"இல்லம்மா. எங்க வூட்டுக்கெல்லாம் வந்ததில்ல. நாங்கதான் அவரத் தேடிகினு வருவோம்."

பூப்போட எல்லோரும் வரிசையில் எழுந்தார்கள். சின்னபொண்ணுவும் தட்டிலிருந்து ஒரு கை அரளியை அள்ளிக்கொண்டாள். படத்துக்கு நேரே வந்ததும் அவளால் தலை தூக்க முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, பூவைப் போடாமலே நகர்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையிலும் அந்தக் கை மூடியே இருந்தது. அன்புச்செல்வன் இரண்டடி பின்னால் போனான். விரலிடுக்கில் கசங்கிய பூ ஒவ்வொன்றாகத் தார்ரோட்டில் உதிர்ந்துகொண்டே வந்தது.