மூடி மட்டும்

பதினோரு வருஷமாகக் குராமோச்சியின் சட்டைப் பையில் இருந்தது பேனா இல்லை, பேனாவின் மூடி மட்டும்தான். ஒரு நாள் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால், மூடி பையில் தொங்குகிறது, கீழே பேனாவைக் காணோம். திருகு கழன்று ரயில் கூட்டத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வாங்கிக் கொடுத்தவள் மனைவி ஹிசாயோ, தன் போனஸ் முழுவதையும் போட்டு. அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒசாகாவில் அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. பெயர் முத்திரையை எடுத்து ஒரே அழுத்து, வேலை முடிந்தது. பேனா எழுதுவதற்கா? ஐயோ பாவம், அப்படி நினைத்தால் உங்களுக்கு விவரம் போதாது. அது பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனிக்காரன் செய்யும் ரைன்ஹோஃப் பேனாவுக்கு மூடியின் உச்சியில் பொட்டு மாதிரி ஒரு சிவப்புக் கல் உண்டு. வாடிக்கையாளர்கள் முதலில் கல்லைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கல்லால்தான் குராமோச்சி செக்‌ஷன் தலைவர் ஆனார் என்று ஆபீஸில் பேச்சு. பொறாமையில் பேசியதுதான், ஆனால் பொய்யில்லை.

இந்த வசந்தத்தில் இரண்டு இடி சேர்ந்து விழுந்தது. முத்திரை ஒழிந்தது, இனிமேல் எல்லாரும் கையெழுத்துதான் என்று சுற்றறிக்கை வந்தது. இன்னொரு இடி மிசுஹாரா. விற்பனைப் பிரிவின் புது ஆள். கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரிகிற உள்நாட்டுப் பேனா ஒன்றை மேசைமேல் உருட்டிக் காட்டினான்.

"ஷிராகி. நம்ம ஊர்ச் சரக்கு சார். எட்டு மாசம் க்யூல நின்னு வாங்கினேன். ரைன்ஹோஃபா? அதெல்லாம் இப்ப ரிட்டயர் ஆகற தாத்தாவுக்குக் குடுக்கறது."

வேறு யாராவது என்றால் ரத்தம் கொதித்திருக்கும். குராமோச்சிக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. தப்பிக்க வழி கிடைத்துவிட்டதே! அன்று மதியமே கட்சி மாறினார். உடோன் நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் குனிந்தபடி, "வெளிநாட்டு நிப்பு நம்ம எழுத்துக்குச் சரிப்பட்டு வராதுப்பா. சும்மா ஜம்பம். நான் விட்டுடலாம்னு இருக்கேன்" என்று மூன்று மேசைக்குக் கேட்கும்படி அளந்தார்.

நான்காவது மேசைக்கும் கேட்டது. அங்கே முதலாளி தோகாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் பிடித்திருந்த சாப்பாட்டுக் குச்சிகளை அப்படியே இவர் பக்கம் நீட்டினார்.

"என்னய்யா, நீயுமா? கோபே கிளைக்கு உன்னைத்தான் மேனேஜராப் போடலாம்னு நெனச்சேன். ஏன் தெரியுமா? இருபது வருஷமா ஒரே பேனா. ஊரே பிராண்டு பிராண்டா ஓடினாலும் இவன் ஓடமாட்டான்னு நெனச்சேன். திங்கக்கிழமை எல்லார் முன்னாலயும் நியமனத் தாள்ல கையெழுத்துப் போடு. அந்தப் பேனாவாலதான் போடணும்."

"கண்டிப்பா சார்" என்றது வாய். கை மூடியைப் பொத்திக்கொண்டது.

வயது ஐம்பத்து நான்கு. இந்தப் பதவி போனால் இன்னொன்று வராது. வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூடியை மனைவி முன்னால் வைத்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

ஹிசாயோ எழுந்து சமையலறை இழுப்பறையைத் திறந்தாள். நிப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ரைன்ஹோஃபைக் கொண்டுவந்து மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க மழை பூட்ஸுக்குள்ள கெடந்துச்சு. அன்னைக்கே எடுத்துட்டேன்."

"பதினோரு வருஷமா நீ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன். அதுவரைக்கும் சும்மா எதுக்குக் கெடக்கணும்? மளிகை லிஸ்ட்டு, பொண்ணுக்கு லெட்டரு, உங்க ஆபீஸுக்குப் போற புத்தாண்டு கார்டு, எல்லாம் இதுலதான். நிப்பைச் சுத்திச் சுத்தி வெச்சே என் கை ஓஞ்சுபோச்சு. நீங்க மூடியை மாட்டிக்கிட்டு மினுக்கிட்டு இருந்தீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

திங்கட்கிழமை பதினான்கு பேர் முன்னால் முழுப் பேனாவைத் திறந்தார். நிப்பு தாளைக் கிறீச்சென்று கீறியது. அழுத்தினார். மை ஒரு சொட்டாகக் கொட்டி, பெயரின் பாதியை விழுங்கியது.

தோகாவா பேனாவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நிப்பை உற்றுப் பார்த்தார்.

"நல்லா எழுதித் தேஞ்ச நிப்பு. ஆனா எழுதினது இடது கை. யாருதுய்யா?"

"வீட்டுக்காரி, சார்."

"அவங்க எழுதினாங்க. நீ என்ன பண்ணினே?"

குராமோச்சிக்குப் பொய் ஒன்றும் அகப்படவில்லை. "மூடி என்கிட்ட இருந்துச்சு சார்."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"சரி, யாராவது ஒரு பேனா குடுங்க. இந்த நியமனத்தை ரத்து பண்ணணும்" என்று தோகாவா கையை நீட்டினார்.

பதினான்கு கைகள் சட்டைப் பையை மூடிக்கொண்டன. மிசுஹாரா தலையைச் சொறிந்தான். "கறை புடிச்சுடும்னு இன்னும் மையே ஊத்தல சார்."

தோகாவா அந்த ரைன்ஹோஃபையே இடது கையில் பிடித்து, குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அருமையான பேனா" என்றார். "கொண்டுபோய் அவங்ககிட்டயே குடுத்துடு. மூடியோட."