சத்தம் புகாத அறை

அந்த அறையைக் கட்டியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச், இரட்டைக் கதவு. உள்ளே குண்டூசி விழுந்தால் கேட்கும். பழைய காது மெஷின்களைச் சரிசெய்து, உழைக்கிறவர்களுக்குக் கைக்கெட்டும் விலையில் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. அந்த அறைக்குள் காதைச் சோதித்து, மெஷினில் சத்தத்தின் அளவு வைப்பவள் என் நாத்தனார். பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. அறை வருவதற்கு முன், அந்தப் பட்டறைக்காரரோடு நான் போடாத சண்டையில்லை.

எங்களிடம் வாங்கிய ஒரு பஸ் கண்டக்டர் மூன்றாம் முறையாக மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தார். அறைக்குள் எல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். பஸ்ஸில் ஏறினால் தலைக்குள் தகரத்தை உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். வருகிற திங்கட்கிழமை, ஓடுகிற பஸ்ஸிலேயே அவருக்கு பஸ் நிர்வாகத்தின் காதுப் பரிசோதனை. தேறாவிட்டால் கண்டக்டர் வேலை போய்விடும். அவரைப் போலவே பாதிப் பேர் மெஷினை அலமாரியில் தூங்கவிட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பொறுமையில்லை என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று காலை பெய்து விட்ட மழையில் கதவு ஊறி இறுகிக்கொண்டது. இழுத்தேன், உதைத்தேன், அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு மணிக்குக் கண்டக்டருக்கு டூட்டி. நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணி, உங்க அரண்மனை உங்களையே உள்ள விடல" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கண்டக்டரை நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம், எதிரே விடாமல் ஹாரன். பழக்கதோஷத்தில் பட்டறைக்காரரை நிறுத்தச் சொல்லக் கிளம்பினேன். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம்மா, ஓடட்டும். என் பஸ்ஸு இப்படித்தான் இருக்கும்."

எனக்குப் பொறி தட்டியது. அமைதியான இடத்தில் வேலை பார்க்கிற ஆள் ஒருத்தர்கூட எங்களிடம் வந்ததில்லையே! இத்தனை நாளும், வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஓர் அறைக்கென்று மெஷின் செய்துகொண்டிருந்திருக்கிறோம். பட்டறைக்கு ஓடிப்போய், இன்னும் பெரிய கம்பியாக எடுத்து அறுக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பார். ஆனால் அறுத்தார்.

நாத்தனார் லேப்டாப் வழியாக மெஷினில் இரைச்சலை இறக்கினாள், பேச்சுக்குரலை ஏற்றினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் கலைத்து வைத்தாள். நான் கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் ஒரு டிக்கெட் கேட்டேன். அவர் திரும்பாமலே, எங்கே போகணும் என்று கேட்டார். நானும் நாத்தனாரும் வயதை மறந்து நடைபாதையில் குதித்தோம். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். மறுநாளே அளவு வைக்கிற மேசை நிரந்தரமாக வாசலுக்கு வந்துவிட்டது. அறையில் சோதனை மட்டும்.

இருந்தாலும் திங்கட்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியம் போன் வந்தது. அதுவரை கண்டக்டருக்காக அவர் மனைவிதான் எங்களிடம் போனில் பேசுவார். இப்போது ஹாரனுக்கும் இன்ஜின் இரைச்சலுக்கும் நடுவே அவர் குரலே வந்தது. அவருக்குக் கேட்காதே என்ற பதற்றத்தில், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, தேறிவிட்டீர்களா என்று கத்தினேன்.

"வண்டியிலதான் இருக்கேன். மெதுவா பேசுங்கம்மா, கேக்குது."