பாலத்துக்கு மேலே நான்கு கிலோமீட்டர்

நீரேற்று நிலைய மேற்பார்வையாளனுக்குத் தன் அண்ணியிடம் கொஞ்சம் பயம் உண்டு. அண்ணி நீர்வளத் துறையில் இருந்தார். எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று அவர் அளந்து சொன்னால் மறுபேச்சு கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் கொடுத்த அறிக்கையை நம்பித்தான் இவன் நிலையத்துக்கு மூன்றாவது மோட்டார் வந்தது. இப்போது மூன்று ஊர்களுக்கான பத்தாண்டுக் குடிநீர்த் திட்டத்தில் நாலாவதும் கேட்டிருந்தார்கள். நிலையத்தைத் தாண்டி ஓடை போகும் வழியில் இருந்த பாலத்தடி அளவுகோலில் தண்ணீர் குறையவே இல்லை. அண்ணியின் கையெழுத்துதான் பாக்கி.

திட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மூணும் ஓடுதா தம்பி?"

"ஓடுது அண்ணி."

"ஓடட்டும். வா, பாலம் வரைக்கும் நடப்போம்."

"ஜீப் இருக்கே."

"போன தடவை ஜீப்புலதான் போனேன். அங்கதான் கோட்டை விட்டேனோன்னு ஒரு சந்தேகம்."

அரைக் கிலோமீட்டரில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. அப்புறம் வெறும் சரளைக்கல். ஒரு குட்டையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அண்ணி குனிந்து, நீரோட்டத்தை அளக்கும் சின்னக் காற்றாடியை முக்கினார். அது அசையவில்லை. ஐந்து இடங்களில் அளந்து குறித்துக்கொண்டார். நான்கு கிலோமீட்டர் தாண்டியதும், ஊர் பயன்படுத்திய தண்ணீர் சுத்தமாகி ஒரு பெரிய குழாய் வழியே ஓடையில் கொட்டியது. அதற்குக் கொஞ்சம் கீழேதான் பாலம்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே எடுத்தது கீழே திரும்பி வந்துவிடுகிறது. பாலத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஓடை நிறைந்துதான் தெரியும்.

"பதினஞ்சு வருஷமா இங்க இருக்கேன். இந்தப் பக்கம் வந்ததே இல்ல அண்ணி."

"நீ வரலேன்னா பரவால்ல. வரவேண்டியது நான்."

மறுநாள் மூன்றாவது மோட்டாரை நிறுத்தச் சொல்லி அதே ஐந்து இடங்களிலும் மறுபடி அளந்தார். சாயங்காலத்துக்குள் காற்றாடி சுற்ற ஆரம்பித்திருந்தது.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. "மழை குறைஞ்சுபோச்சுன்னு எழுதிடுங்களேன். உங்களுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்."

"மழை குறையலையே," என்றார் அண்ணி.

கூட்டத்தில் தலைவர் பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "இது தாங்கும்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார். பாலத்துல மட்டும் அளந்துட்டு எழுதினேன். நடுவுல நடந்து பாக்கல. தப்பு என்னோடது." புதிய அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

நாலாவது மோட்டார் திட்டத்திலிருந்து போனது. கோடையில் மூன்றாவதை நிறுத்திவிட்டு, குறையும் தண்ணீரை அணையிலிருந்து கொண்டுவருவது என்று முடிவானது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் விடும் நேரம் மாறியதற்கு நிலையத்துக்குப் போன் மேல் போன். "எந்தப் புண்ணியவான் சொன்ன யோசனை இது?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார்.

"புண்ணியவான் இல்லீங்க, எங்க அண்ணி," என்றான் அவன். "நேரம் இருந்தா வாங்க. ஓடையோரமா நாலு கிலோமீட்டர் நடந்துகிட்டே சொல்றேன்."