மொட்டைமாடிக் காடு

நகராட்சியில் மரம் எண்ணுவதற்கென்றே ஒருவர் இருந்தார். ஊரார் அவரை மரக்கணக்கர் என்பார்கள். அவர் மனைவி தையல்காரி. கூடம் முழுக்க அவளுடைய இயந்திரங்கள்தான். சோற்றைப் பிசைந்தால் விரலில் நூல் சுற்றும். உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்க்காதவர்கள் ஊசியோடு எழுந்திருப்பார்கள். மாடியில் ஓர் அறை கட்டித் தையலை அங்கே ஏற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்குக் குறுக்கே ஒரு காடு வந்து நின்றது.

காடு வந்த விதம் இது. மரக்கணக்கர் தெருத்தெருவாகப் போவார். மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுப்பார், படம் பிடிப்பார், எல்லாவற்றையும் அலுவலகக் கைபேசியில் பதிவார். தெருவில் சிக்னல் இழுபறியாக இருக்கும். அதனால் 'அனுப்பு' பொத்தானை அங்கே அழுத்தாமல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, டீயோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து சாவகாசமாக அழுத்துவார். பொத்தானை எங்கே அழுத்துகிறோமோ அங்கேதான் மரம் நிற்கிறது என்று அந்தச் செயலி நம்புகிற விஷயம் அவருக்குத் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை மரமும் ஒவ்வொன்றாக வந்து அவர் வீட்டு மாடியில் நின்றது.

இதெல்லாம் அலுவலக அலமாரியில் தூங்கியிருந்தால் தொல்லை இல்லை. ஆனால் அரசாங்கம் அந்த வருஷம், தன்னிடம் உள்ள தகவலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்துவிட்டது. ஜனங்களும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் பறவை பார்க்கிறவர் ஒருவர், கழுத்தில் தொலைநோக்கியோடு வந்து கதவைத் தட்டினார்.

"அம்மா, காட்டுக்கு வழி எப்படி?"

"செருப்பைக் கழட்டிட்டு மாடிப்படி ஏறுங்க" என்றாள் தையல்காரி. வந்தவர் பைத்தியமாக இருந்தாலும் வாடிக்கையாளராகவும் இருக்கலாம் என்பது அவள் கணக்கு.

அடுத்து, வெயிலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் வந்தாள். இவ்வளவு மரம் இருக்கிற இடத்தில் ஸ்வெட்டர் போடாமல் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள். அந்த வாரமே ஒரு கிளிக்கூட்டமும் வந்தது. கிளிகள் இணையம் பார்க்குமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மாடிக் கைப்பிடிச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்து, ஏமாந்த முகத்தோடு அவை பறந்துபோனதைத் தெருவே பார்த்தது.

அப்போதும் மரக்கணக்கருக்கு உறைக்கவில்லை. மாடியில் அறை கட்ட அனுமதி கேட்டுப் போனபோதுதான் உறைத்தது.

"அனுமதி கிடையாது" என்றார் கட்டட அதிகாரி. "உங்க வீடு அடர்ந்த காட்டுக்குள்ள இருக்கு."

"சார், எங்க வீட்டுல ஒரு ரோஜாத் தொட்டிகூடக் கிடையாது."

"வரைபடம் பாருங்க. பச்சைப்பசேல்னு இருக்கு. இத்தனை மரத்துக்கு நடுவுல குடித்தனம் நடத்துறதே தப்பு. நான் கண்டுக்காம இருக்கேன்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். தையல்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஊர்ல புருஷன்மாரு வேலையை வீட்டுக்குத் தூக்கிட்டு வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க காட்டையே தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

"அழிச்சிட்டாப் போச்சு."

"அழிங்க. நாளைக்கே."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. தகவல் தளத்தைக் கவனித்துக்கொண்ட கணினிக்காரி, நல்ல பெண், நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ஐயா, மரத்தைப் பட்டியல்லேர்ந்து நீக்கினா, வெட்டினது யாருன்னு கேட்கும். வீட்டுக்காரர் பேர்ல தானா வழக்குப் பதிவாயிடும். நாட்டிலேயே பெரிய காட்டை அழிச்ச ஆளு நீங்கதான்னு பேப்பர்ல வரும்."

"வேற வழி?"

"இடம் மாத்தலாம். ஆனா அந்தந்த மரத்தடியில நின்னுதான் பொத்தானை அழுத்தணும். இது திறந்த தகவல்தானே, யாரு வேணா திருத்தலாம். ஆளுங்களைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். பறவை பார்க்கிறவர் தன் சங்கத்தையே கூட்டி வந்தார். எந்த மரத்தில் எந்தக் கூடு என்று தெரிய வேண்டிய தேவை அவர்களுக்கும் இருந்தது. ஆராய்ச்சிப் பெண், நிழல் இல்லாத தெருக்களைக் கண்டுபிடிக்க இதைவிட்டால் வழியில்லை என்று தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினாள். வேன் ஓட்டுநர்கள் வண்டி நிறுத்த நிழல் தேடியபடியே திருத்தினார்கள். மரக்கணக்கர் படங்களைக் காட்டி, "இது தபால் நிலையத்துப் புங்கன், இது பல் டாக்டர் வாசல் அரசமரம்" என்று அடையாளம் சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் நடந்தார். இத்தனை பேர் தன் மரங்களைத் தேடி அலைவதில் அவருக்கு உள்ளூரக் குஷி, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தையல்காரி தினமும் வரைபடத்தைத் திறந்து பார்ப்பாள். "இன்னைக்குத் தெற்கு மூலை வெளுத்திருக்கு. அங்கதான் வெட்டுமேசை போடணும்." பக்கத்து வீட்டு அக்காவிடம், "மழைக்குள்ள காடு காலியாயிடும்" என்று சாதாரணமாகச் சொல்வாள்.

கடைசியில் ஒரே ஒரு மரம் மிஞ்சியது. சாய்ந்த வாகை. படத்தில் அடிமரமும் மரக்கணக்கரின் கட்டைவிரலும்தான் தெரிந்தன. எந்தத் தெரு என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். "ஒத்தை மரம்னா காடு ஆகாது. அறை கட்டலாம். ஆனா மரத்துக்குச் சேதாரம் வரக்கூடாது. அது நிக்கிற இடத்தை விட்டுட்டுக் கட்டுங்க."

"சரிங்க சார்" என்றாள் தையல்காரி, கணவர் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

இல்லாத மரத்தைச் சுற்றிக் கொத்தனார் அளவெடுத்து, கூரையில் வட்டமாக ஓர் ஓட்டை விட்டார். "கிளைக்கு இவ்வளவு போதுமாம்மா?" என்று வேறு கேட்டார். மேலே கண்ணாடி பதித்தார்கள். அறைக்கு இயந்திரங்கள் ஏறின. அந்த வட்டத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவதற்குக்கூட மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை. மூடுபனிக் காலத்திலும் விளக்குப் போடாமல் தைத்தாள்.

ஒருநாள் பறவைக்காரர் மூச்சிரைக்கக் கைபேசியில் கூப்பிட்டார். "அம்மா, அந்த வாகை ஆப்ட்டுடுச்சு! பழைய சினிமாக் கொட்டகைக்குப் பின்னால!"

"ரொம்ப சந்தோஷம். உடனே திருத்திடுங்க" என்றாள் தையல்காரி. பிறகு கைபேசியைக் கணவர் பக்கம் நீட்டினாள். "ஆனா ஓட்டையைத் திருத்துறேன்னு யாராச்சும் இந்தப் படி ஏறினா, அவங்களையும் சட்டையோட சேர்த்துத் தைச்சுடுவேன். உங்க ஆபீஸ்ல சொல்லி வைங்க."

மரக்கணக்கர் சொல்லி வைத்தார்.